ஜங்ஷன் பாக்ஸை இடம் மாத்தறது: வீடு ஆல்டர் பண்றவங்க திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகள்

பழைய வீட்டை ஆல்டர் பண்ற இடத்துக்கு வயரிங் பாக்கப் போனா எல்லா வீட்லயும் ஒரே சந்தேகங்கள்தான் வருது. வீட்டுக்காரர் கேப்பாரு, கொத்தனார் கேப்பாரு, கிச்சன் ஷெல்ஃப் அடிக்க வந்த கார்பெண்டரும் கேப்பாரு. அதனால அவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விகளைப் போட்டு பதில் எழுதியிருக்கேன். இது நம்ம ஊர் வீடுகளுக்கானது, அதாவது செங்கல் செவுரு, காங்கிரீட் ரூஃப், செவுத்துக்குள்ள பிவிசி பைப், 230 வோல்ட் லைன்.

"ஜங்ஷன் பாக்ஸ்னா எது சார்? சுவிட்ச் போர்டும் அதுவும் ஒண்ணா?"

வயரும் வயரும் சேர்ற இடம்தான் ஜங்ஷன் பாக்ஸ். ரூஃப் கான்கிரீட் போடும்போதே கம்பி மேல வச்சு கட்டிடற வட்டமான டீப் பாக்ஸ் ஒண்ணு, அதுல ரெண்டு வழி, மூணு வழி, நாலு வழின்னு பைப் வந்து சேரும். செவுத்துல சீலிங்குக்குக் கொஞ்சம் கீழ சதுரமா வெள்ளை மூடி போட்டு இருக்குமே அது இன்னொண்ணு. இப்பல்லாம் நிறைய வீட்ல சுவிட்ச் போர்டு பாக்ஸுக்குள்ளயே ஜாயிண்ட் எல்லாம் முடிச்சிடறாங்க, அப்போ அந்த சுவிட்ச் பாக்ஸே ஜங்ஷன் பாக்ஸ் வேலையும் பாக்குது. அதனால "சுவிட்ச் போர்டை மட்டும் ரெண்டு அடி தள்ளி வைங்க"ன்னு சொல்லும்போது நீங்க கேக்கறது ஒரு சுவிட்சோட வேலை இல்ல, அதுக்குள்ள இருந்து பக்கத்து ரூமுக்குப் போற லைனும் சேர்ந்து நகரணும்.

"மூடி பாக்க அசிங்கமா இருக்கு, அதுக்காக மாத்தலாமா?"

வேண்டாம். கதவு வருது, வார்ட்ரோப் மறைக்குது, செவுரையே இடிக்கிறோம்னா மாத்துங்க. பாக்க நல்லா இல்லன்னா மூடியைக் கழட்டி தனியா பெயிண்ட் அடிச்சு திருப்பி மாட்டுங்க. மூடியோட சேத்து பட்டி பாத்து மூடிடாதீங்க, அப்புறம் அது எங்க இருக்குன்னே தெரியாது.

"யூட்யூப் பாத்து நானே பண்ணிக்கலாமா, எலக்ட்ரீஷியன் கண்டிப்பா வேணுமா?"

எங்க வரணும்னு மார்க் பண்றது, போட்டோ எடுக்கறது, லைன் முழுசா ஆஃப் ஆனதை எலக்ட்ரீஷியன் செக் பண்ணி சொன்னப்புறம் காடி (பைப் போக செவுத்துல எடுக்கற பள்ளம்) வெட்டறது, பைப் வாங்கி வைக்கறது, இதெல்லாம் தாராளமா நீங்க பண்ணலாம். வயரை அவுக்கறதும் சேக்கறதும் வயரிங் தெரிஞ்ச ஆள் பண்ணணும். தமிழ்நாட்டுல இதுக்குன்னே லைசென்ஸ் போர்டு வயர்மேன் சர்டிபிகேட் குடுக்குது, வர்றவர்கிட்ட அது இருக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. 230 வோல்ட் ஆளைக் கொல்ற அளவுக்கு வோல்டேஜ்தான், அதுலயும் ஆல்டரேஷன் நடக்கற வீட்ல தரை ஈரம், செவுரு ஈரம், கை ஈரம்.

"அண்ணே, மெயின் ஆஃப் பண்ணிட்டா போதும்ல?"

போதாது, இந்த இடத்துலதான் அடி வாங்கறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். முதல் விஷயம் இன்வெர்ட்டர். மெயினை ஆஃப் பண்ணின அடுத்த செகண்டே கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு அது பேட்டரில இருந்து லைன் குடுக்க ஆரம்பிச்சிடும், வர்றது அதே 230 வோல்ட்தான். மெயினை ஆஃப் பண்ணணும், இன்வெர்ட்டர் முன்பக்கம் இருக்கற சுவிட்சையும் ஆஃப் பண்ணணும், அதோட அவுட்புட் பிளக்கையும் உருவி வைக்கணும். பேட்டரியோட சோலார் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

ரெண்டாவது, மாடி போர்ஷனுக்கு தனி மீட்டர் இருந்தா அந்த மீட்டர்ல இருந்து வர்ற வயரும் உங்க வீட்டு பாக்ஸ் வழியா மேல போக வாய்ப்பு இருக்கு, பாகம் பிரிச்ச வீடுகள்ல இது ரொம்ப சகஜம். த்ரீ ஃபேஸ் வீட்ல ஒரே பாக்ஸுக்குள்ள ரெண்டு ஃபேஸ் (கரண்ட் வர்ற வயர்) இருக்கலாம், அந்த ரெண்டுக்கும் நடுவுல 400 வோல்ட் அளவுக்கு இருக்கும்.

மூணாவது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற கருப்பு வயர். நம்ம வீடுகள்ல இருக்கற சாதாரண சிங்கிள் போல் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழற சுவிட்ச்) ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், கருப்பு வயர் தொடர்புலயேதான் இருக்கும். ஹால் எம்சிபியை மட்டும் இறக்கிட்டு ஹால் பாக்ஸைத் திறக்கறீங்க, ஆனா யாரோ பழைய ஆள் பெட்ரூம் ஃபேனுக்கும் அதே நியூட்ரலை இழுத்து விட்டிருக்காருன்னு வைங்க, அந்தக் கருப்பு ஜாயிண்ட்டை அவுத்ததும் ஓடிட்டு இருக்கற ஃபேன் வழியா வந்த கரண்ட் அந்த நுனில நிக்கும். கருப்புதானேன்னு தொட்டா ஷாக்தான். அதனால பாக்ஸ் வேலைக்கு ஒரு எம்சிபி மட்டும் இறக்கறது பத்தாது, ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கற டபுள் போல் மெயினையே இறக்குங்க, இறக்கின சுவிட்ச் மேல டேப் ஒட்டி "வேலை நடக்குது"ன்னு எழுதி வைங்க, வீட்ல இருக்கற எல்லார்கிட்டயும் வாயாலயும் சொல்லிடுங்க, கொத்தனார் கட்டிங் மெஷின் ஓடலன்னு போய் மெயினைத் தூக்கி விடறது நிறைய நடக்குது.

"டெஸ்டர் வச்சுப் பாத்தேன் எரியல, அப்போ கரண்ட் இல்லதானே?"

இல்லன்னு உறுதியா சொல்ல முடியாது. நியான் டெஸ்டர் எரியறது உங்க உடம்பு வழியா போற துளி கரண்ட்லதான். மரஸ்டூல் மேல ரப்பர் செருப்போட நின்னா மங்கலா எரியும், ஜன்னல் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், செத்த வயர்ல வச்சாலும் பக்கத்து வயரோட தூண்டலால டெஸ்டர் லேசா எரியும்.

மல்டிமீட்டர் வச்சு ஃபேஸ் நியூட்ரல், ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் அளந்து பாக்கணும். அதுக்கு முன்னாடி லைன் இருக்கற ஒரு பிளக்ல மீட்டரை வச்சு அது வேலை செய்யுதான்னு பாக்கணும், பாக்ஸ்ல அளந்ததுக்கு அப்புறம் திரும்பவும் லைன் இருக்கற இடத்துல வச்சுப் பாக்கணும். நடுவுல மீட்டர் பேட்டரி போயிருந்தா "ஜீரோ"ன்னு காட்டினது பொய்யா இருக்கலாம். மெயின் ஆஃப்ல இருக்கும்போது லைன் எங்கடா இருக்கும்னு கேட்டா, மெயினுக்கு உள்ள வர்ற பக்கம் இருக்கும், அங்க எலக்ட்ரீஷியன் பாத்துக்குவாரு.

"ரூஃப்ல இருக்கற பாக்ஸ் ஃபேனுக்கு சென்டரா இல்ல, ஒரு அடி நகர்த்தித் தருவீங்களா?"

கான்கிரீட்ல உக்காந்த பாக்ஸ் நகராது. நம்ம வீட்டு ஸ்லாப் தடிமன் அஞ்சு இன்ச் சுமாருதான், கீழ் கம்பிக்கு அடியில இருக்கற கான்கிரீட் ஒரு இன்ச்சுக்கும் கம்மி, அதைக் கொத்தி காடி எடுத்தா கம்பி வெளிய வந்துடும், அப்புறம் ஈரம் பட்டு துரு ஏறி ரூஃப் உப்பி கொட்ட ஆரம்பிக்கும். கம்பியை அறுத்துட்டா அதை விட மோசம். பழைய பாக்ஸை அப்படியே விட்டு மூடி போட்டு அதுல இருந்து சீலிங் மேலயே மெலிசான கேசிங் (வயரை மூடற பிளாஸ்டிக் பட்டை) ஓட்டி புது பாயிண்ட்டுக்குக் கொண்டு போங்க. ஃபால்ஸ் சீலிங் போடறதா இருந்தா எல்லாம் மேல மறைஞ்சிடும், ஆனா அந்த பாக்ஸுக்கு நேர் கீழ ஒரு திறக்கற கதவு கண்டிப்பா விடச் சொல்லுங்க. ஃபேனுக்கு புது ஹூக் வேணும்னா ஆங்கர் போல்ட் அடிக்கத் தெரிஞ்சவர் தனியா அடிக்கணும், பாக்ஸ் மூடில ஃபேனைத் தொங்க விடக் கூடாது.

"வயர் நீளம் பத்தல, நடுவுல ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தி பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

யாருக்கும் தெரியாது, அதான் பிரச்சனையே. ஜாயிண்ட் லேசா லூஸ் ஆச்சுன்னா அந்த இடத்துல ரெசிஸ்டன்ஸ் கூடும். அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்துச்சுன்னு வைங்க, அதுல கீசரோ அயர்ன் பாக்ஸோ சேர்ந்து 10 ஆம்பியர் போச்சுன்னா அந்த ஒரு இடத்துல மட்டும் 50 வாட் சூடு கிளம்பும், ஒரு சால்டரிங் அயர்ன் நுனில வர்ற அளவு சூடு அது. செவுத்துக்குள்ள காத்து இல்ல, சூடு வெளிய போக வழி இல்ல, டேப் உருகும், இன்சுலேஷன் கருகும்.

அப்போ எம்சிபி டிரிப் ஆகாதான்னு எல்லாரும் கேப்பாங்க. ஆகாது. எம்சிபிக்குத் தெரியறது கரண்ட் அளவு மட்டும்தான், 16 ஆம்பியர் எம்சிபில 10 ஆம்பியர் போறது அதுக்கு நார்மல். ஆர்சிசிபியும் (கரண்ட் லீக் ஆனா விழற சுவிட்ச்) டிரிப் ஆகாது, ஏன்னா கரண்ட் எங்கயும் லீக் ஆகல, போனது முழுசா திரும்பி வருது. ரெண்டு பாதுகாப்பும் சும்மா பாத்துட்டு இருக்கும்போதே ஜாயிண்ட் கருகும். அதனாலதான் எந்த ஜாயிண்ட்டும் மூடியைக் கழட்டினா கை எட்டற பாக்ஸுக்குள்ளதான் இருக்கணும்னு வயரிங் தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்றாங்க.

வயர் பத்தலன்னா ரெண்டு வழி இருக்கு. டிபில (எம்சிபி எல்லாம் இருக்கற பெட்டி) இருந்தோ முந்தின பாக்ஸ்ல இருந்தோ புது வயரை ஒரே நீளமா இழுக்கறது ஒண்ணு, இதுதான் நல்லது. இன்னொண்ணு, பழைய பாக்ஸை அதே இடத்துல விட்டு ஜாயிண்ட்டை அதுக்குள்ள வச்சு பிளாங்க் மூடி போட்டுட்டு அங்கிருந்து புது பாக்ஸுக்குப் போறது. செவுத்துல ஒரு மூடி கூடத் தெரியும், தெரியட்டும்.

"அப்போ பழைய பாக்ஸை எப்பதான் மூடலாம்?"

அதுக்குள்ள ஒரு வயர் கூட இல்லாதப்போ. உள்ள போற வயரை எல்லாம் ரெண்டு முனையில இருந்தும் உருவி எடுத்தாச்சு, பைப் வெறும் பைப்பா இருக்குன்னா தாராளமா சிமெண்ட் வச்சு பூசுங்க. வயர் நுனியை மடக்கி டேப் சுத்தி உள்ள தள்ளி மூடறது மட்டும் வேண்டாம், இன்னிக்கு லைன் இல்லாத வயருக்கு நாளைக்கு டிபில யாராவது எம்சிபி மாட்டினா லைன் வந்துடும்.

"முறுக்கி இன்சுலேஷன் டேப் சுத்தினா போதாதா? எங்க தாத்தா காலத்துல இருந்து அப்படித்தான்"

நல்ல ஆள் முறுக்கினா பிடிக்கத்தான் செய்யும், ஆனா நம்ம ஊர் வெயில்ல டேப்போட பசை இளகி ஓரம் உரிஞ்சு வந்துடும், மல்டி ஸ்ட்ராண்ட் வயரை (பல மெல்லிய இழை சேர்ந்தது) வெறுமனே முறுக்கினா நாள் ஆக ஆக தளரும். இப்போ லீவரைத் தூக்கி வயரை உள்ள விட்டு மடக்கற கனெக்டர் எல்லா எலக்ட்ரிக்கல் கடையிலயும் கிடைக்குது, விலையும் பெருசு இல்ல, அதைப் போடுங்க. ஸ்க்ரூ கனெக்டர் போட்டா வயர் நுனில லக் (அழுத்தி மாட்டற உலோக மூடி) அடிச்சு மாட்டினா ஸ்ட்ராண்ட் அறுபடாது. எதைப் போட்டாலும் வயரைப் பிடிச்சு ஒரு இழு இழுத்துப் பாத்துட்டுதான் மூடணும்.

ஒரு சைஸ் வயரை இன்னொரு சைஸோட நீட்டும்போது மெலிசானதுக்கு ஏத்த எம்சிபிதான் போடணும். ஒண்ணரை எம்எம்க்கு 10 ஆம்பியர் வரைக்கும், ரெண்டரை எம்எம்க்கு 16, நாலு எம்எம்க்கு 20ன்னு வச்சுக்கிட்டா பாதுகாப்பு. நாலு எம்எம் ஏசி லைனை ரெண்டரைல நீட்டிட்டு 20 ஆம்பியர் எம்சிபியை அப்படியே விடறதைப் பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும்.

"எங்க வீடு 80கள்ல கட்டினது, பாக்ஸைத் திறந்தா வெள்ளையா ஒத்தைக் கம்பி வருது, இது என்ன?"

அலுமினியம். அந்தக் காலத்து வீடுகள்ல இது நிறைய உண்டு. இதோட தாமிர வயரை நேரா முறுக்கக் கூடாது. அலுமினியம் மேல ஆக்சைடு படலம் உடனே ஏறும், அது கரண்ட்டைக் கடத்தாது, அதோட அலுமினியம் சூட்டுல தாமிரத்தை விட அதிகமா விரியும், ஸ்க்ரூவுக்கு அடியில மெல்ல நசுங்கி லூஸ் ஆகும், ஈரம் பட்டா ரெண்டு உலோகமும் சேர்ற இடம் அரிச்சுப் போகும். மேல சொன்ன அரை ஓம் கதை வேகமா நடக்கறது இங்கதான்.

ஒரு பாக்ஸை நகர்த்தறதுக்காக இதுல கை வைக்கறதா இருந்தா அந்த சர்க்யூட் முழுசையும் தாமிரமா மாத்திடுங்க, பழைய பைப் அடைக்காம இருந்தா பழைய கம்பியையே கட்டி இழுத்து புதுசைக் கொண்டு வந்துடலாம். மரச்சட்டத்து மேல கிளிப் அடிச்சு ஓட்டின வயரிங் இன்னும் இருந்தா அதுல ரப்பர் தொட்டாலே உதிரும், அதுல நீட்டற வேலையே வேண்டாம்.

"காடி எவ்வளவு ஆழம் வெட்டலாம்? கொத்தனார் எவ்வளவுனாலும் வெட்டலாம்னு சொல்றாரு"

செங்குத்தா போற காடி செவுத்துத் தடிமன்ல மூணுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, படுக்கைவசமா போறது ஆறுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. ஒம்போது இன்ச் செவுத்துல இது மூணு இன்ச், ஒண்ணரை இன்ச். நாலரை இன்ச் செவுத்துல படுக்கைவசத்துக்கு முக்கால் இன்ச்தான் கிடைக்கும், முக்கால் இன்ச் பைப் அதுல உக்காந்தா மேல பூச்சுக்கே இடம் இருக்காது. அதனால மெலிசான செவுத்துல படுக்கைவசமா காடி வேண்டாம், மேல போய் சீலிங் ஓரமா சுத்தி திரும்ப கீழ இறங்குங்க. பில்லர், பீம், லிண்டல் மூணுலயும் கட்டர் படவே கூடாது.

குறுக்கால சாய்வா வெட்டினா வயர் மிச்சமாகும்னு சொல்வாங்க. நாலு வருஷம் கழிச்சு போட்டோ மாட்ட டிரில் போடறவர் சுவிட்சுக்கு நேர் மேலயும் நேர் பக்கத்துலயும்தான் வயர் இருக்கும்னு நினைப்பாரு, சாய்வா போற பைப் அவர் கணக்குலயே இருக்காது. நேரா மேல, நேரா பக்கத்துல, அவ்வளவுதான். அப்புறம் நாலரை இன்ச் செவுத்துல ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல பாக்ஸ் வைக்காதீங்க, ரெண்டு ரெண்டு இன்ச் ஆழம் போச்சுன்னா நடுவுல செவுரே மிஞ்சாது. தூசி பறக்காம இருக்க தண்ணி ஊத்திக்கிட்டே கட்டர் ஓட்டறவங்க மெஷினுக்கு லைனை 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியா எடுக்கணும், இதுல விட்டுக் குடுக்கவே கூடாது.

"ஒரு பைப்ல எத்தனை வயர் விடலாம்?"

பைப் உள் அளவுல 40 சதவீதத்துக்கு மேல வயர் அடைக்கக் கூடாது. திணிச்சு இழுத்தா இன்சுலேஷன் உரியும், சூடும் போகாது. ரெண்டு பாக்ஸுக்கு நடுவுல ரெண்டு வளைவுக்கு மேல வேண்டாம், எல்போ போடாம நீள பெண்ட் போடுங்க.

"கிச்சன்ல பாக்ஸை எங்க வைக்கலாம்? மாடுலர் போடறோம்"

சிங்க்குக்கு நேர் மேல வேண்டாம், அடுப்புக்கு நேர் மேலயும் வேண்டாம், சிலிண்டர் நிக்கற கேபினுக்குள்ள சுவிட்சோ பிளக்கோ ஜாயிண்ட்டோ எதுவுமே வேண்டாம். எல்பிஜி காத்தை விட கனம், லீக் ஆனா கீழயே தேங்கும், சுவிட்ச் போடும்போது வர்ற சின்னப் பொறி போதும். ஷெல்ஃபுக்குப் பின்னாடி பாக்ஸ் வந்தே ஆகணும்னா கார்பெண்டர்கிட்ட முன்னாடியே சொல்லி பின் பலகைல மூடி அளவுக்கு ஒரு திறப்பு வெட்டச் சொல்லுங்க, பலகை மேலயே ஸ்க்ரூ அடிச்சு பாக்ஸை மறைச்சுட்டுப் போயிட்டா அது புதைச்ச ஜாயிண்ட்தான். இன்டக்ஷன், ஓவன், கெட்டில் எல்லாம் 2000 வாட் அளவுல வரும், ஒண்ணு 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும், ஒரே 16 ஆம்பியர் லைன்ல ரெண்டு பிளக்குக்கு மேல குடுக்காதீங்க, அந்த ரெண்டும் ஒரே நேரத்துல ஓடினாலே 16ஐத் தாண்டிடும்.

"பாத்ரூம் கீசர் பாக்ஸ் உள்ள இருக்கலாமா?"

ஜங்ஷன் பாக்ஸையும் சுவிட்சையும் பாத்ரூம் கதவுக்கு வெளிய கொண்டு வாங்க, உள்ள கீசருக்கு மட்டும் ஒரே நீள வயர் போகட்டும்.

"பாக்ஸ் இரும்புல வாங்கவா பிளாஸ்டிக்ல வாங்கவா?"

ரெண்டும் சரிதான். இரும்பு பாக்ஸ்னா பச்சை எர்த் வயர் பாக்ஸோட உடம்புலயும் சேரணும், அதை விட்டுட்டா உள்ள ஒரு ஸ்ட்ராண்ட் பாக்ஸ்ல பட்டாலும் வெளிய இருக்கற ஸ்க்ரூ வரைக்கும் லைன் நிக்கும். பைப் நுழையற ஓட்டைல புஷ் (விளிம்பை மறைக்கற வளையம்) போடாம விட்டா தகடு விளிம்பு வயரை அறுக்கும்.

"பாக்ஸ் மாத்தினதுல இருந்து ஆர்சிசிபி விழுந்துட்டே இருக்கு, அதைக் கழட்டிட்டு நேரா குடுத்துடலாமா?"

கழட்டாதீங்க, அது ஏதோ சொல்லுது. ஆர்சிசிபி ஃபேஸ்ல போற கரண்ட்டையும் நியூட்ரல்ல திரும்பற கரண்ட்டையும் ஒப்பிட்டுப் பாக்குது, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ளயே விழுந்துடும். பாக்ஸ் மாத்தும்போது கருப்பு வயர் எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு மொத்தமா சேத்து ஒரே கனெக்டர்ல போட்டிருப்பாங்க. ரெண்டு ஆர்சிசிபி இருக்கற வீட்லயோ இன்வெர்ட்டருக்குத் தனி நியூட்ரல் இருக்கற வீட்லயோ இப்படிப் பண்ணினா ஒரு லைன்ல போன கரண்ட் இன்னொரு லைன் நியூட்ரல்ல திரும்பும், கணக்கு ஒத்துப் போகாது, உடனே விழும். மெயின் ஆஃப் பண்ற கேள்வில சொன்ன இரவல் நியூட்ரல் கூட இப்போதான் வெளிய வரும்.

இல்லன்னா கருப்பும் பச்சையும் எங்கயோ தொட்டுக்கிட்டு இருக்கும், இல்ல பூச்சு ஈரம் பாக்ஸுக்குள்ள இறங்கி இருக்கும், இல்ல பாக்ஸ் மூடி ஸ்க்ரூ வயரைக் குத்தி இருக்கும். எம்சிபி எல்லாத்தையும் இறக்கியும் விழுதுன்னா நியூட்ரல் பக்கம் தேடச் சொல்லுங்க, எம்சிபி நியூட்ரலைத் துண்டிக்காதுன்னு சொன்னேன்ல.

"ஜாயிண்ட் மாத்தினப்புறம் ஒரு ரூம்ல பல்ப் பளிச்சுன்னு எரியுது, இன்னொரு ரூம்ல மங்கலா இருக்கு, டிவியும் போயிடுச்சு"

படிக்கறதை நிறுத்திட்டு முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. த்ரீ ஃபேஸ் வீட்ல எல்லா ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் விட்டுப் போனா இப்படித்தான் ஆகும். நியூட்ரல் இல்லன்னா ஒரு ஃபேஸ்ல இருக்கற சாமான்களும் இன்னொரு ஃபேஸ்ல இருக்கற சாமான்களும் 400 வோல்ட்டை தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கும், லோடு கம்மியா இருக்கற பக்கம் 300 வோல்ட்டுக்கும் மேல ஏறும். அந்தப் பக்கம் இருக்கற டிவி, செட்டாப் பாக்ஸ், ஃபிரிட்ஜ் எல்லாம் புகையும். கடைசியா கை வச்ச பாக்ஸ்ல தொடங்கி டிபி வரைக்கும் நியூட்ரல் ஜாயிண்ட் ஒவ்வொண்ணையும் பாக்கணும். வீட்டுக்குள்ள எல்லாம் சரியா இருந்து மெயினுக்கு முன்னாடியே வோல்டேஜ் தப்பா இருந்தா அது போஸ்ட் பக்கம், மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்குப் போன் பண்ணிடுங்க.

"கொத்தனார் நாளைக்கு பூச வர்றாரு, அதுக்குள்ள என்ன செக் பண்ணணும்?"

வயர் இழுத்ததுக்கு அப்புறம் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கற மீட்டர்) வச்சு ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த், ஃபேஸ் நியூட்ரல் மூணும் பாக்கச் சொல்லுங்க, 1 மெகா ஓமுக்குக் கீழ வந்தா பூச விடாதீங்க. மெகர் போடும்போது பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் கழட்டி இருக்கணும், இல்லன்னா அதுங்க போயிடும். எர்த் ஒவ்வொரு பிளக்குலயும் வருதான்னு தனியா பாருங்க.

அப்புறம் டேப்பை செவுத்துல நீட்டிப் பிடிச்சு தரையில இருந்து எத்தனை அடி, மூலையில இருந்து எத்தனை அடின்னு தெரியற மாதிரி ஒவ்வொரு காடியையும் போட்டோ எடுங்க. அதை வீட்டு பத்திரம் இருக்கற ஃபைல்லயே பிரிண்ட் போட்டு வைங்க, போன் மாறும், நம்பர் மாறும். பாக்ஸ் வாய்ல பேப்பர் அடைச்சு வச்சா சிமெண்ட் உள்ள போகாது.

"அப்படியே மீட்டர் போர்டையும் வெளி செவுத்துக்கு மாத்திடலாமா, நீங்களே பண்ணித் தருவீங்களா?"

மீட்டரை நகர்த்தறது இபி வேலை. மீட்டருக்கு முன்னாடி இருக்கற லைனை நம்ம வீட்டு மெயின் எதுவுமே ஆஃப் பண்ணாது, அதுல கை வச்சா காப்பாத்த ஒண்ணும் இல்ல, மீட்டர் சீலை உடைக்கறது 2003 மின்சாரச் சட்டப்படி குத்தமும் கூட. இபிக்கு மீட்டர் ஷிஃப்டிங்னு விண்ணப்பம் குடுத்து கட்டணம் கட்டினா அவங்க ஆள் வந்து மாத்திக் குடுப்பாங்க. நம்ம பக்கம் செய்ய வேண்டியது புது இடத்துல போர்டு அடிச்சு, அங்கிருந்து டிபி வரைக்கும் மெயின் வயரையும் எர்த்தையும் ஒரே நீளமா ஓட்டி தயாரா வைக்கறது. இந்த வயர்ல வீட்டு லோடு முழுசும் போகும், அதனால மேல சொன்ன ரெண்டாவது வழி, அதான் பழைய பாக்ஸ்ல ஜாயிண்ட் போட்டு நீட்டறது, இதுக்கு மட்டும் வேண்டாம். விண்ணப்பத்தை செவுரு இடிக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்க, அவங்க வர்ற தேதி தெரிஞ்சாதான் கொத்தனாருக்கு நாள் சொல்ல முடியும்.